‘நம்மவர் படம்’ என்பது மட்டும் போதாது: ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ படத்துக்கு நம் தமிழ்ப் பள்ளிகள் வழியாக டிக்கெட் விற்கலாமா என்ற கேள்வி, 2010 ஜூலை 1 அன்று படம் வெளியானதிலிருந்து செயற்குழுவை இரண்டாகப் பிரித்திருக்கிறது. 2008 டிசம்பரில் நடிகர் பட்டியல் வெளிவந்து, ஆசியச் சாயலுள்ள நாயக வேடங்கள் வெள்ளையருக்குப் போயின என்று எதிர்ப்பு எழுந்தது முதல் நடந்ததெல்லாம் உறுப்பினர்கள் அறிந்ததே, மறுபடி விவரிக்கவில்லை. பெரும்பான்மையோர் ஏற்ற முடிவு இது: சங்கத்தின் பெயரில் டிக்கெட் விற்பனையும் சிறப்புக் காட்சியும் தற்போதைக்கு இல்லை. படம் நன்றாக இருக்கிறதா என்பது வேறு பேச்சு. அதில் செயற்குழுவுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை.

படத்துக்கு மூலமான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடரின் உலகம் ஆசியாவைப் பார்த்து வரையப்பட்டது. திரையில் தெரியும் எழுத்து சீனம். சண்டை அசைவுகள் தாய்ச்சி, ஷாவோலின் முதலிய சீனக் கலைகளிலிருந்து வந்தவை. கதாநாயகி பிறந்த நீர்க்குலத்தார் இனுயிட் மக்களை ஒத்தவர்கள். இவற்றில் பலவற்றை எடுத்துக்கொண்ட படம், உலகைக் காக்கும் மூன்று பிள்ளைகளின் வேடங்களை மட்டும் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. எதிரியான நெருப்பு நாட்டின் இளவரசன் ஸூக்கோ வேடமும் முதலில் ஒரு வெள்ளையருக்கே போனது. அவர் விலகிய பிறகுதான் தேவ் படேல் வந்தார். அவரைச் சுற்றி ஆசிஃப் மாண்ட்வி, ஈரானில் பிறந்த ஷான் தௌப், மாவோரி இனத்தவரான கிளிஃப் கர்ட்டிஸ். ஆக, ஊரைக் கொளுத்த வருகிறவர்கள் நம் நிறம், காப்பாற்றுகிறவர்கள் வெள்ளை நிறம். தெற்கு நீர்க்குலக் கிராமக் காட்சியில் பின்னால் நிற்பவர்கள் இனுயிட் சாயலில் இருக்க, கதாநாயகியும் அவள் அண்ணனும் பாட்டியும் மட்டும் வெள்ளையர்கள். அந்த ஊரில் அந்த ஒரு வீடு மட்டும் எங்கிருந்து முளைத்தது? படம் இதைக் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. பின்வரிசைக்கு ஆசிய முகம் கிடைத்திருக்கிறது, முன்வரிசைக்குக் கிடைக்கவில்லையாம்!

பெயர் பெற்ற நடிகர் இல்லாமல் பெரும் முதல் போட முடியாது என்பது வழக்கமான பதில். இந்தப் படத்தில் அந்தப் பதிலே செல்லாது. நாயகன் ஆங் வேடத்தில் வரும் நோவா ரிங்கர், இதற்கு முன் படமே நடிக்காத டேக்வாண்டோ மாணவராக இருந்தவர். அடையாளம் தெரியாத ஒரு சிறுவனை நம்பி இத்தனை கோடியை இறக்க ஸ்டூடியோ தயாராகத்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தச் சிறுவன் ஆசியச் சிறுவனாக இருப்பதில் என்ன நஷ்டம்? தேர்வு அறிவிப்பே ‘வெள்ளையர், அல்லது வேறு எந்த இனத்தவரும்’ என்ற வரிசையில்தான் அழைத்தது. வேறு இனத்தவருக்குக் கதவு திறந்திருந்தது என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். யார் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள், யார் ‘வேறு’ ஆனார்கள் என்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் நாங்கள். தொடருக்குக் குரல் கொடுத்தவர்களிலும் பலர் வெள்ளையர்தானே என்ற எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் குரல் யாருடையதாயினும் குழந்தை பார்த்த முகம் மாறவில்லை.

செயற்குழுவில் அதிக நேரம் எடுத்தது இயக்குநர் பற்றிய பேச்சு. மனோஜ் நைட் ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், தாய் வழியில் தமிழர். ஹாலிவுட்டில் அவர் அடைந்த உயரம் நமக்குப் பெருமை, அதில் மாற்றமில்லை. தன் படத்தில் பல இனத்தவர் இருக்கிறார்கள் என்று அவர் சொல்வதும் தலைக்கணக்குப்படி சரியே. ஸூக்கோவும் அவன் பெரியப்பா ஐரோவும் மனிதத்தன்மையுள்ள பாத்திரங்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கதையைச் சுமப்பவர் யார் என்ற கேள்விக்குத் தலைக்கணக்கு பதிலாகாது. ஸ்டூடியோவின் தேர்வுக்கு நம் ஊர்ப் பெயர் ஒன்று கேடயமாகப் பிடிக்கப்படுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. குழந்தைகள் படத்தில் அரசியல் எதற்கு என்கிறார்கள். அந்தக் குழந்தைகள் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது புறக்கணிப்பு அறைகூவல் அல்ல. பெற்றோர் தம் விருப்பப்படி படத்துக்குப் போகலாம். முன்பணம் கட்டியவர்களுக்குக் கிளைப் பொருளாளர்கள் இயன்றவரை இம்மாதத்துக்குள் திருப்பித் தருவார்கள். ஆண்டு விழாவில் இயக்குநருக்குப் பாராட்டு என்ற தீர்மானம் இவ்வாண்டு எடுத்துக்கொள்ளப்படாது. இதை ஏற்காத உறுப்பினர்களின் மாற்றுக் கருத்து கூட்டக் குறிப்பில் முழுமையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.