அந்த அடியை வாங்கிக் கொடுத்தது நான்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏழு மணி. சேலையூரில் வேளச்சேரி மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சூப்பர் மார்க்கெட். பில் போடுகிற இடத்தில் எனக்கு முன்னால் நாலு பேர். நாலாவதாக ஒரு இளம் தாய். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் இரண்டரை வயசுப் பையன். கையில் என்று சொல்வதுகூட தப்பு. அவன் எங்கே கையில் நின்றான்? அரிசி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு வந்தான். யாரோ ஒருத்தருடைய ட்ராலியைத் தள்ளிப் பார்த்தான். கடைசியில் கவுண்டர் பக்கத்தில், சரியாக அவன் மூக்குக்கு நேராக, கலர் கலராக சாக்லேட் தொங்கும் ஸ்டாண்டைக் கண்டுபிடித்தான்.

எடுத்தான். அம்மா வாங்கி மாட்டினார். மறுபடி எடுத்தான். மறுபடி மாட்டினார். மூன்றாவது தடவை தரையில் படுத்துவிட்டான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அழுகை.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் பொதுவாகக் காற்றிடம் சொன்னார்: "இந்தக் காலத்துல யாரு கண்டிச்சு வளர்க்கறாங்க?" ஒரு அம்மணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'ப்ச்' என்றேன். ஒரே ஒரு 'ப்ச்'தான்.

அந்தப் பெண் திரும்பினார். பிள்ளையைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, பையன் கன்னத்தில் பளாரென்று ஒன்று. பில்லுக்குப் பணம் எடுக்கும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்த அடி பையன் செய்த தப்புக்கு விழவில்லை. என் 'ப்ச்'சுக்கு விழுந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டோம், அந்தத் தாய் கொடுத்தார். அவ்வளவுதான்.

சரி, பையன் செய்த தப்புதான் என்ன?

நான் படித்தது பி.காம். மார்க்கெட்டிங் பேப்பரில் ஒரு பாடம் உண்டு. வாங்க வேண்டும் என்று நினைத்து வராத பொருளை, ஆள் காத்து நிற்கிற இடத்தில் வை. கண்ணுக்கு நேராக வை. கை தானாக நீளும். அன்றைக்கு வகுப்பில் யாருமே கேட்காத ஒரு கேள்வி: யாருடைய கண்ணுக்கு நேராக? அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரண்டரை அடி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அங்கே கேரட்டா வைத்திருக்கிறார்கள்?

நம் சின்ன வயசு மளிகைக் கடையில் இந்தச் சிக்கல் இல்லை. சாமானுக்கும் நமக்கும் நடுவில் ஒரு கல்லாப்பெட்டி, அதன் பின்னால் ஒரு அண்ணாச்சி. லிஸ்டைப் படித்தால் பொட்டலம் வரும். கூட வந்த பிள்ளை கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை வரும். பெரியவர்களும் எதையும் தொட மாட்டார்கள். 1996-ல் சென்னை ஆர்.ஏ.புரத்தில் ஃபுட்வேர்ல்ட் முதல் கடையைத் திறந்தது. அடுத்தடுத்து வந்த இப்படிப்பட்ட கடைகள் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரே மந்திரம், நீங்களே எடுத்துக்கோங்க. எடு, பார், திருப்பு, கூடையில் போடு. கடை முழுக்க அதைத்தான் சொல்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டு அப்படியே செய்கிற ஒரே ஆளை நாம் அடிக்கிறோம்.

இது சும்மா பேச்சு இல்லை. பிரிட்டனில் 2014-லேயே டெஸ்கோ நிறுவனம், பில் கவுண்டர் பக்கத்தில் இருக்கிற இனிப்புகளை எடுத்துவிடுவதாக அறிவித்தது. 2022 அக்டோபரில் இங்கிலாந்தில் சட்டமே வந்தது. சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் அதிகமான பண்டங்களை, பெரிய கடைகள் கவுண்டர் ஓரமாகவும் வாசலிலும் அடுக்கக் கூடாது. நம் நாட்டிலும் 2020-ல் ஒரு விதி வந்தது. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்த மாதிரிப் பண்டங்களை விற்கக் கூடாது. நல்லது. பள்ளிக்கூடமே போகாத இரண்டரை வயசுக்கு எத்தனை மீட்டர்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்து அந்த ஓட்டம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒன்றிலிருந்து நாலு வயசு வரை உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாடி இருக்க வேண்டும். வண்டியிலோ இடுப்பிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப் போட்டு வைக்கக் கூடாது. நம் பிள்ளை எங்கே ஓடும்? இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் நாலு அடி வைத்தால் சோபா. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது, சந்தோஷம். ஆனால் கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நூறு அடி நடந்து பாருங்கள். நாள் பூரா அடைந்து கிடந்த பிள்ளைக்குக் கிடைத்த முதல் வழவழ தரை, முதல் நீள வராந்தா, அந்தக் கடை. ஓடாமல் என்ன செய்வான்?

உடனே பழமொழி வரும், எனக்குத் தெரியும். அடியாத மாடு படியாது. ஐயா, அது மாட்டைப் பற்றிச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கை ஓங்கக் கூடாது என்று 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மீறினால் நடவடிக்கை உண்டு. பத்து வயசுப் பையனைத் தொடக் கூடாது. இரண்டரை வயசை மட்டும் நடுக்கடையில் அறையலாம். இது என்ன கணக்கு?

அப்படியென்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. இல்லை என்றால் இல்லைதான். ஆறு தடவை மறுத்துவிட்டு ஏழாவது தடவை மானத்துக்குப் பயந்து வாங்கிக் கொடுத்தால், அவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஏழு தடவை கேட்கணும்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு கூட்டிப் போங்கள். ராத்திரி ஏழு மணிக்கு வேண்டாம். போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு வெங்காயம், சோப்பு. சாக்லேட் இல்லை." உள்ளே போனதும் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தக்காளியை ஒவ்வொன்றாகக் கூடையில் போடட்டும். எந்த சோப்பு என்று அவனே எடுக்கட்டும். "ஓடாதே" என்பதைவிட "என் கூடையைப் பிடிச்சுக்கோ" என்பது அந்த வயசுக்குப் புரியும். ரோட்டில் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது, கைப்பிடி விடக் கூடாது. அழ ஆரம்பித்தால் குனிந்து, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, சின்னக் குரலில் பேசுங்கள். அடங்கவில்லையா, கூடையை ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்குத் தூக்கிப் போங்கள். பத்து நிமிஷத்தில் அரிசி எங்கும் போய்விடாது. பூச்சாண்டி வேண்டாம், போலீஸ் மாமா வேண்டாம். "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பது வேண்டவே வேண்டாம். அந்த வயசு அதை நம்பும்.

இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முக்கால்வாசி தெரிந்திருக்கும். ஆனால் குனிந்து உட்கார்ந்து பேச அவருக்கு இரண்டு நிமிஷம் வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தை நாங்கள் தரவில்லை. இதே பிள்ளையை ஒரு அப்பா கூட்டி வந்திருந்தால், "பாவம், தனியா சமாளிக்கிறார்" என்று வழிவிட்டிருப்போம். அம்மா என்றால் வளர்ப்பு சரியில்லை!

கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாலு கவுண்டரில் ஒன்றிலாவது அந்த சாக்லேட் ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். பிள்ளையோடு வருகிறவர்கள் அந்த வரிசைக்குத்தான் போவார்கள், உங்கள் கடைக்குத்தான் திரும்பவும் வருவார்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நஷ்டம் வராது.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை வரிசையில் ஒரு பிள்ளை தரையில் படுத்து அழுதால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு என் கூடையில் இருந்தது ஒரு பால் பாக்கெட், ஒரு பிரெட். வீட்டில் அவசரமாக ஒரு வேலையும் இல்லை.