முதல் பக்கத்தைத் தள்ளிவிடுற அண்ணாச்சிகளுக்கு...

'கான்செர்ட் ஃபார் பங்களாதேஷ்' ஆல்பத்தைப் பத்தி நம்ம மில்லர்புரத்துல பழைய ராக் கேக்குற ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா, மூணாவது நிமிஷமே இந்த வசனம் வந்துடும். "முதல் பக்கம் பூரா சிதார்தாம்வே. அதைத் தள்ளிவிட்டுட்டுக் கேளும்." பக்கத்துல விவரமான ஆள் ஒருத்தர் இருந்தா அவர் பங்குக்கு ஒண்ணு போடுவார். "வசூல் பண்ண காசே போய்ச் சேரலையாம்லா. எல்லாம் படம் காட்டுறது."

ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்கங்கிறது என் கட்சி. இதை ஒரு ராக் கச்சேரி, பக்கத்துல ஒரு உண்டியல், அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1970 நவம்பர்ல கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும்புயல் போட்டுப் புரட்டுச்சு. 1971 மார்ச் 25 ராத்திரி பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள் மேலயே பாய்ஞ்சது. அந்த வருஷத்துக்குள்ள சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள்ள அகதியா வந்தாங்க. அமெரிக்காவில நிக்சன் அரசு பாகிஸ்தான் பக்கம். ரவிசங்கர் தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசன்கிட்ட போய் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஒரே நாள்ல ரெண்டு காட்சி. மொத்தம் சுமார் 40,000 பேர். பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், லியான் ரஸ்ஸல்னு மேடை நிறைய ஆளு. அது மூணு எல்பி தட்டா வந்து, 1973ல சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கிச்சு.

இப்ப அந்த முதல் பக்கத்துக்கு வாங்க. ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா, கமலா சக்கரவர்த்தி தம்பூரா. ரவிசங்கர் வங்காளிக் குடும்பம். அலி அக்பர் கான் பிறந்ததே இன்னைக்குப் பங்களாதேஷா இருக்கிற மண்ணுல. ரவிசங்கரோட குருவான அலாவுதீன் கான், அலி அக்பரோட அப்பா. அவரும் அந்த மண்ணுக்காரர்தான். அவங்க வாசிக்கிறது 'பங்ளா துன்', வங்க நாட்டுப்புற மெட்டு. அதாவது அடிபட்டவன் வீட்டு ஆளே மேடை ஏறி, அந்த வீட்டுப் பாட்டை வாசிக்கிறான். மத்தவங்கல்லாம் அவனுக்குத் துணைக்கு வந்தவங்க. துக்க வீட்டுக்குப் போய், வீட்டுக்காரன் பேச ஆரம்பிச்சதும் "அதைத் தள்ளிவிடும், பந்தி எப்போ?"ன்னு கேக்குற மாதிரி இருக்கு அண்ணாச்சி நீங்க சொல்றது.

சுருதி சேர்த்து முடிச்சதுக்கே கூட்டம் கைதட்டுற இடம் ரொம்பப் பிரபலம். ரவிசங்கர் சிரிச்சுக்கிட்டே, இதுவே உங்களுக்கு இவ்வளவு பிடிச்சா வாசிப்பு இன்னும் பிடிக்கும்னு நம்புறேன்ங்கிற மாதிரி சொல்வார். இதைச் சொல்லிச் சொல்லி நம்மாளுங்க வெள்ளைக்காரனைக் கிண்டல் பண்ணுவாங்க. புரியாமலே கைதட்டினவன், அடுத்த கால் மணி நேரத்துக்கு மேல உக்காந்து கேட்டான் சாமி. நீங்க?

அடுத்து காசு. ரெண்டு காட்சியில வந்த வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட், யுனிசெஃபுக்குப் போச்சு. தட்டும் படமும் சம்பாதிச்ச பெருந்தொகைதான் மாட்டிக்கிச்சு. முன்கூட்டியே வரிவிலக்குக்கு ஏற்பாடு பண்ணலை. அமெரிக்க வரித்துறை பிடிச்சு வச்சுக்கிச்சு, வருஷக்கணக்கா முடக்கம். அட்டைப்படத்துல காலித் தட்டு முன்னால உக்காந்திருக்கிற பிள்ளை வயசுல 1971ல இருந்தவன், காசு விடுபட்ட எண்பதுகள்ல மீசை வச்சிருப்பான். இதுக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. நல்ல மனசு இருந்தா போதாது, ஆடிட்டரும் வேணும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டித் தீர்த்தப்போ எங்க பக்கம் உண்டியல் குலுக்கிட்டுப் போன ஒரு கோஷ்டி இன்னைக்கு வரைக்கும் கணக்குன்னு ஒரு துண்டுச்சீட்டு காட்டலை.

ஆனா காசை மட்டும் வச்சுத் தீர்ப்பு எழுதினா, இன்னொரு கணக்கும் பார்க்கணும். 1971 நவம்பர் 15லேர்ந்து இந்தியாவில தபாலுக்கு 5 பைசா அகதிகள் நிவாரண ஸ்டாம்பு கூடுதலா ஒட்ட வச்சாங்க. நம்ம தூத்துக்குடியில கடுதாசி போட்டவனும் கொடுத்தான். அந்த ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட்டதுல பெரும்பங்கு இந்த மாதிரிக் காசுதான், ராக் ஸ்டார் காசில்லை. அப்போ கச்சேரி என்னத்தைக் கிழிச்சுது?

பேரைச் சொல்லிச்சு. அன்னைக்கு எந்தப் பெரிய அரசும் அங்கீகரிக்காத நாடு அது. இந்தியாவே டிசம்பர் 6ல தான் அங்கீகரிச்சது. அதுக்கு நாலு மாசம் முன்னாடி, பாகிஸ்தானுக்கு ஆதரவு கொடுத்த நாட்டோட நடு ஊர்ல, கச்சேரிக்கே பங்களாதேஷ்னு பேர் வச்சான். 'கிழக்குப் பாகிஸ்தான் நிவாரணம்'னு வைக்கலை. டிலனைப் பார்க்க வந்த பையன் வாய்ல அந்தப் பேர் ஏறிச்சு.

பேர் ஏறுறது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்தக் கரையில இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்த சனம் மண்டபத்துலயும், நம்ம மாவட்டத்துல தாப்பாத்தியிலயும் முகாம்லயே பேரன் பேத்தி எடுத்தாச்சு. அவங்க பேர் எந்த மேடிசன் ஸ்கொயர்ல ஒலிச்சுது?

அதனால அண்ணாச்சி, அடுத்த தடவை ஊசியை முதல் பக்கத்துல வையும். வீட்டுக்காரன் பேசி முடிக்கட்டும்.

டிஸ்கி: டிலனுக்குன்னே அஞ்சாவது பக்கம் முழுசா இருக்கு. எங்கயும் ஓடிப் போயிடாது.