தண்ணீர் ஊற்றினால் தீருமா?

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா மகிழுந்துக்கு ஈஜோக் தோட்டப்புறங்களில் இன்னும் மதிப்புண்டு. அத்தகைய பழைய வண்டிகளின் பின்பெட்டியில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் உடன் பயணம் செய்வதைக் காணலாம். காலையில் ஊற்றுவர், மாலையில் மீண்டும் ஊற்றுவர். கேட்டால், “பழைய வண்டி தண்ணீர் குடிக்கத்தானே செய்யும்” என்பர்.

வண்டி தண்ணீர் குடிப்பதில்லை. ரேடியேட்டரும் இயந்திரமும் சேர்ந்த நீரோட்டம் ஒரு மூடிய சுற்று. அதில் நீர் குறைகிறதெனில் எங்கோ வழி கண்டு வெளியேறுகிறது. அவ்வழியைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை.

இதனினும் கேடானது, “நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று அதைக் கழற்றி எறியும் பட்டறை அறிவு. இயந்திரம் ஏறத்தாழ 80 பாகைச் சூட்டை எட்டும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதும், எட்டியபின் வழிவிடுவதுமே அதன் தொழில். அது போனால் பெட்ரோல் வீணாகும், தேய்மானம் மிகும். ஒழுக்கோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒழுக்கைக் கண்டறிதல் மந்திர வித்தையன்று. வண்டி முற்றும் ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். அம்மூடியை அற்பமென எண்ணுதல் தவறு. பல வண்டிகளின் மூடியில் 0.9 என்னும் அழுத்த அளவு பொறித்திருக்கும். அவ்வழுத்தத்தில் நீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் இற்றுவிட்டால் அக்காப்பும் போயிற்று.

வண்டியின் அடியில் சொட்டுவதெல்லாம் ஒழுக்கும் அன்று. குளிர்சாதனத்தின் நீருக்கு நிறமும் மணமும் இல்லை. ரேடியேட்டர்த் திரவமோ வழவழப்பும் இனிய மணமும் உடையது. உலர்ந்த இடத்தில் கறை வைக்கும். கறை ரப்பர்க் குழாயின் முனையிலா, வாட்டர் பம்பின் அடித்துளையிலா, ரேடியேட்டரின் இணைப்பிலா என்று பார்க்கலாம். புலப்படாவிடில், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதே முறை. வெளியே ஈரமின்றி முள் இறங்குமாயின், ஹெட் கேஸ்கெட்டின்மேல் ஐயம் கொள்ளலாம். புகைபோக்கியில் ஓயாத வெண்புகையும், எண்ணெயில் பால்நிறமும் அவ்வையத்தை வலுப்படுத்தும்.

அந்தச் சாகாவின் இயந்திர உடல் வார்ப்பிரும்பு, தலையோ அலுமினியம். மிகைச்சூட்டில் அது வளைந்துவிடும். ஒரு ரப்பர்க் குழாய் வாங்க அஞ்சியவர், தலையைக் கழற்றி இழைக்கும் கூலிக்குக் கடன் வாங்க நேரும். தோட்டச் சாலையில் ஊர்ந்தபோது தாக்குப்பிடித்த வண்டி, 2011இல் திறந்த லத்தார் விரைவுச்சாலையில், பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வேளையில் நின்றுவிடவும் கூடும்.

அழுத்தம் மிகின் கொதிநிலை உயரும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், இற்றுப்போன மூடியைத் தந்தை துணி சுற்றி இறுக்குவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் படித்ததும் அம்மூடியும் ஒன்றே என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளி வளாகத்திலேயே ஆசிரியரின் வண்டி நிற்கிறது. அதன் பானெட்டைத் திறந்து காட்டப் பாட வேளை ஒன்று போதும்.