எலிக்கடியை அலட்சியம் செய்யலாமா?

இரவில் எலி கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவிட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். புண்ணும் ஆறிவிடுகிறது. தொல்லை அதற்குப் பிறகுதான்.

எலியின் ரத்தத்தில் 'ஸ்பைரில்லம் மைனஸ்' என்ற சுருள் வடிவக் கிருமி இருக்கக்கூடும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில், ஆறிய புண் மறுபடி வீங்கும், நெறி கட்டும், காய்ச்சல் விட்டு விட்டு வரும். மலேரியா என்று எண்ணி மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

இந்தக் கிருமியை இந்திய எலியின் ரத்தத்தில் கண்டு 1888-ல் எழுதியவர், பம்பாயில் பணியாற்றிய டாக்டர் வான்டைக் கார்ட்டர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆய்வுக்கூடத்தில் செயற்கை ஊட்டத்தில் இதை வளர்க்க முடியவில்லை. ஆகவே வழக்கமான சோதனையில் அகப்படாது. ஆராய்ச்சியும் சொற்பமே. கடிபடுகிறவர்கள் தரையில் படுக்கும் ஏழைகள் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்றால் தவறா?

இத்தனைக்கும், இது பெனிசிலினுக்குக் கட்டுப்படும் நோய். நோயாளி கடியைப் பற்றிச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும். மராத்தியில் 'உந்தீர் சாவலா', இந்தியில் 'சூஹே நே காட்டா'. பாஷை தெரியாத ஊரில் இந்த இரண்டு சொற்றொடர்களையாவது கற்று வைப்போம்.

கடித்த உடனே சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும். குப்பையை அள்ளி எலியை ஒழிப்பது மாநகராட்சியின் கடமை. காய்ச்சல் கண்டால் கடியை மறைக்காமல் சொல்வது நம் கடமை.