பெங்களூரு ஏர்போர்ட்டின் 150 கி.மீ. வட்டம்: ஏரியூர் உள்ளே, சேலம் வெளியே!

தருமபுரி மாவட்டம் ஏரியூரிலிருந்து ஒருத்தர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பணும்னா, பெரும்பாலும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மேப்பில் நேர்கோடு போட்டால் சுமார் 135 கி.மீ. சாலையில் போனால் 200 கி.மீ.-க்கு மேல். அதிலும் கடைசிப் பகுதிதான் பெரிய சோதனை. ஓசூரைத் தாண்டியதும் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்குவரை முழுசாகக் கடக்கணும்.

அப்படியானால் ஓசூரிலேயே ஒரு விமான நிலையம் இருந்தால் என்ன? ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் வகையில், 2,000 ஏக்கரில் அங்கே பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். குறுக்கே நிற்பது ஒரு பழைய ஒப்பந்தம்.

பெங்களூரு விமான நிலையத்தைக் கட்டி நடத்த 2004-ல் ஒன்றிய அரசு போட்ட ஒப்பந்தம் அது. திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ. வான்வழித் தொலைவுக்குள் புதிய விமான நிலையம் வரக் கூடாது என்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பெங்களூரு திறக்கப்பட்டது 2008 மே மாதம். ஆகவே கெடு 2033 மே வரை.

இங்கே கணக்கு சாலையில் இல்லை, வானத்தில். கெம்பேகவுடாவிலிருந்து ஓசூர் நேர்கோட்டில் 50 கி.மீ. சொச்சம்தான். ஏரியூர்கூட இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரமோ சுமார் 160 கி.மீ.; மயிரிழையில் வெளியே.

அந்தக் காமலாபுரம் ஏரியூருக்கு நேர்கோட்டில் 40 கி.மீ.-க்குள்தான். உதான் திட்டத்தில் 2023 அக்டோபரில் பெங்களூரு–சேலம் விமானமும் வந்தது. 160 கி.மீ.-க்கு டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருந்தது. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு இருபது நிமிட தூரம்தானே என்று கேட்கலாம். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், போய்ச்சேரும் இடத்தில் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுதளத்தில் வரிசை, மேலேறுதல், இறங்கும் முன் சுற்றி வருதல்… குறுகிய பயணத்தில் இவைதான் பாதி நேரத்தைத் தின்னும். அதற்கு முன் செக்-இன், பாதுகாப்புச் சோதனை வேறு. இந்தத் தூரத்துக்கு பஸ்ஸும் ரயிலும் தோற்காமல் இருப்பது இதனால்தான்.

சரி, 2033 வரை ஓசூர் கை கட்டி நிற்கணுமா? அவசியமில்லை. டெல்லி விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளியுள்ள ஜேவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் டெல்லியின் ஒப்பந்தம் வேறு மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது: பெங்களூரு விமான நிலையத்தைக் கட்டவே 2005 முதல் 2008 வரை ஆனது. ஓசூரில் நிலம் எடுப்பு, சுற்றுச்சூழல் அனுமதி, எச்ஏஎல் ஓடுதளம் பயன்படுத்தும் வான்வெளிக்குப் பாதுகாப்புத் துறையின் சம்மதம் எல்லாம் முடிந்து கட்டுமானம் தொடங்கவே சில ஆண்டுகள் பிடிக்கும். காகித வேலையை இப்போதே முடித்தால், முதல் விமானம் இறங்கும்போது கெடுவும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.