கட்சிகளின் கைராசி



2017 ஜூலை 28. நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்க செனட்டில் ஜான் மெக்கெய்ன் எழுத்தர்கள் அமர்ந்திருந்த மேசை முன் வந்து நின்றார். கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழே திருப்பினார். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்க அவருடைய குடியரசுக் கட்சி கொண்டுவந்த மசோதா 49க்கு 51 என்று தோற்றது.

மறு ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியினர் இதை விடவில்லை. ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பிரதிநிதிகள் சபை அவர்கள் வசமானது.

சில டாக்டர்களைக் கைராசிக்காரர் என்போமே, கட்சிகளுக்கும் அப்படி ஒரு பேர் உண்டு. அரசியல் அறிஞர் ஜான் பெட்ரோசிக், 1980இல் கார்ட்டரும் ரீகனும் மோதிய தேர்தலை வைத்து 1996இல் இதை விளக்கினார். மருத்துவம், முதியோர் நலன் என்றால் ஜனநாயகக் கட்சி. வரி, ராணுவம், குற்றத்தடுப்பு என்றால் குடியரசுக் கட்சி. வாக்காளர் மனத்தை மாற்றுவதைவிட, தனக்குப் பேர் உள்ள விஷயத்தையே ஊர் பேசும்படி செய்வதில்தான் ஒவ்வொரு கட்சியும் குறியாக இருக்கிறது.

நாடு இரண்டுபட்டுக் கிடக்கும்போது இந்தப் பேருக்கு என்ன மதிப்பு? தீவிர ஆதரவாளருக்குத் தன் கட்சி எல்லாவற்றிலும் கெட்டி. 2016 தேர்தலில் குடியரசுக் கட்சி வென்ற கையோடு, பொருளாதாரம் இருந்தபடியே இருக்க, அது நன்றாக இருப்பதாகச் சொன்ன குடியரசுக் கட்சியினர் பெருகினார்கள். ஜனநாயகக் கட்சியினரின் நம்பிக்கை சரிந்தது. ஆனால் அந்தத் தேர்தலை முடிவு செய்தது மூன்று மாநிலங்களில் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகள். எந்தப் பக்கமும் சேராத அந்தச் சிலரிடம் பழைய பேர் இன்னும் செல்லுபடியாகிறது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. அந்த விலைவாசியைக் குடியரசுக் கட்சி 2024 தேர்தல் வரை பேச்சாக வைத்திருந்தது.

என்னை வருத்துவது வேறொன்று. பேர் இருப்பவர் செய்யாவிட்டாலும் வாக்கு வருகிறது, பேர் இல்லாதவர் செய்தாலும் நன்றி கிடைப்பதில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் அமைத்தவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். இன்று சுற்றுச்சூழல் என்றதும் அவர் கட்சியை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

எந்த விஷயத்தில் எந்தக் கட்சியை நம்புகிறீர்கள், எப்போதிலிருந்து, எதைப் பார்த்து? எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்