யார் வீட்டுப் பையன்?

அபராதம் வாங்கியவன் மகன். குறுஞ்செய்தி போனது அப்பாவின் போனுக்கு. பணம் கட்டியது அம்மா, சீட்டுக்கு எடுத்து வைத்திருந்ததிலிருந்து. ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் எங்கள் தெருவில் நடந்தது இது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சேலத்தில் கல்லூரிக்குப் போகிறான். லைசென்ஸ் எடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்தபடி மலையிறங்கி வந்தவன் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டான். "எவ்வளவு கண்ணு போட்டாங்க?" என்று கேட்டேன். "தெரியல தாத்தா, அப்பா பாத்துக்கிட்டாரு" என்றான். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்: 2022 அக்டோபரில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுத்தால் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இதை 184-வது பிரிவில், ஆபத்தான முறையில் ஓட்டுவதோடு சேர்த்து வைத்திருக்கிறது. நீதிமன்றம் வரை போனால் சிறைக்கும் இடமுண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் ஒரு விதி வந்தது. அன்றிலிருந்து மாட்டுகிற பையன்களெல்லாம் "மேப் பாத்தேன் சார்" என்கிறார்கள். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சேலம் போக மேப் எதற்கு?

நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்த மலைத் தடத்தில்தான். எங்கள் வேலையில் எல்லாம் ஆள் பேருக்குத்தான் வரும். வண்டி எடுக்கும்போதே டிரிப் ஷீட்டில் என் பேரும் நம்பரும் ஏறிவிடும். ஒரு கண்ணாடி உடைந்தாலும் மெமோ. விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். விபத்து என்றால் சஸ்பெண்டு, விசாரணை, இன்கிரிமென்ட் வெட்டு. டூட்டியில் ஏறும்போது போனைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடு என்று பின்னாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முனகிக்கொண்டே கொடுத்தோம். அந்த மெமோவை என் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து "நீங்க பாத்துக்குங்க" என்று நான் சொல்ல முடியுமா?

2024 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து 13-வது கொண்டை ஊசி வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. உயிர்கள் போயின. அதற்குச் செல்போன் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று ராத்திரி ஊர் முழுக்கக் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறது: "டிரைவர் யாரு?" பஸ் முதலாளியைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் வந்தது. அதே ஊர், ஒரு பையன் பைக்கில் விழுந்தாலோ யாரையாவது இடித்தாலோ, கேட்பது வேறு: "யார் வீட்டுப் பையன்?" ஓட்டியவன் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போய்விடுகிறான். மிச்சமிருப்பது வீடு, அப்பா, சொந்தம், சாதிசனம், கட்சிக்காரர்.

மலைப்பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமவெளியில் போனைப் பார்த்து ஓட்டுவதும் இங்கே ஓட்டுவதும் ஒன்றல்ல. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. வளைவுக்கு முன்னால் ஹார்ன். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லித் தந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இறக்கம் முழுக்க பிரேக்கைத்தான் நம்ப வேண்டும், பிரேக்கும் சூடேறிக்கொண்டே வரும். ஸ்கூட்டரில் இடது கைப்பிடி பின் பிரேக், வலது கைப்பிடி முன் பிரேக். போன் போவது எந்தக் கைக்கு? ஆக்ஸிலேட்டரை விட முடியாது, ஆகவே இடது கைக்கு. அப்போது அவனிடம் மிச்சமிருப்பது முன் பிரேக் மட்டும். வளைவில் சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும், மழைக்கு அரித்து வந்த மண்ணும் சரளையும் கிடக்கும். அங்கே முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். சக்கரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இன்னொன்று, சிக்னல். இறங்கும்போது சில வளைவுகளில் போன் செத்துவிடும். அடுத்த திருப்பத்தில் உயிர் வந்ததும், அதுவரை தேங்கிய வாட்ஸ்அப் எல்லாம் மொத்தமாகக் கொட்டும். சட்டைப் பையில் வரிசையாக டிங் டிங் என்று அடித்தால் பதினெட்டு வயசுக் கை சும்மா இருக்குமா? ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு. கை இரண்டும் காலியாகத்தானே இருக்கிறது என்று அதற்கு ஒரு நியாயம். ஹெல்மெட் போட்டதற்கே பாராட்ட வேண்டும் போலிருக்கிறது.

பதினெட்டு நிரம்பாதவர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 199-ஏ பிரிவு, சிறுவன் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி என்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால், அதை அப்பாதான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிற வீட்டில் எப்படி நிரூபிப்பது?

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி ஒருவரை இடித்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கும். பிறகு அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கும். உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால் அப்படி வசூலிக்கலாம் என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. அரை ஏக்கர் காப்பித் தோட்டத்தை நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அந்தத் தொகை என்ன செய்யும் என்று எங்கள் ஊர் அப்பாமார்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

அப்பாவைத் தண்டிப்பது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தோடு முடிந்தால் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? 2024 மே 19-ஆம் தேதி புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் முதலில் ஜாமீன் கொடுத்தபோது, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னது. நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அப்புறம் ரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் பெற்றோரும் மருத்துவர்களும் கைதானார்கள். பிள்ளையின் கணக்கைப் பெற்றவர்கள் தங்கள் தலையில் எழுதிக்கொள்ளப் போய் அது எங்கே கொண்டு விட்டது பாருங்கள். நம் வீட்டில் ஆயிரம் ரூபாயில் நடப்பதுதான் அங்கே பெரிய அளவில் நடந்தது.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பைக்கில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு ரத்து செய்தார்கள். அடுத்த மே மாதமே, செல்போனில் பேசியபடி கார் ஓட்டியதாக மதுரைப் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். எங்கள் டீக்கடை பெஞ்சில் பையன்கள் பேசிக்கொண்டது: "அண்ணன வேணும்னே தூக்கிட்டாங்கடா." செய்தது என்ன என்பதை விட்டுவிட்டு, பிடித்தது யார் என்பதைப் பேசுகிற பழக்கம் வீட்டிலிருந்துதான் வருகிறது. பையன் மாட்டியதும் அப்பா என்ன செய்கிறார்? தெரிந்தவருக்குப் போன் போடுகிறார். அந்தத் தெரிந்தவர் இன்னொருவருக்கு. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரிடம் "சார், ஒரு நிமிஷம் பேசுங்க" என்று போனை நீட்டுகிறார்கள். செல்போன் அபராதத்தை இன்னொரு செல்போனால் அடிக்கப் பார்க்கிறோம். அந்தக் காவலர் வெயிலிலும் பனியிலும் நின்று சலித்துப்போனவர். சிலர் வாங்கிப் பேசுகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். மறுப்பவரைத்தான் ஊரில் திமிர் பிடித்தவர் என்கிறோம்.

பிரிட்டனில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் 200 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் ஆறு புள்ளிகளும். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகாதவர் ஆறு புள்ளி வாங்கினால் லைசென்ஸே போய்விடும்; மறுபடியும் பழகுநராகத் தொடங்கித் தேர்வு எழுத வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பணத்தை அப்பா கட்டலாம், தேர்வை அவர் எழுத முடியாது. நம் ஊரிலும் காவலர் கருவியில் லைசென்ஸ் எண்ணைப் பதிந்து சலான் போட முடிகிறது. கேமரா எடுத்தாலோ, வண்டி எண்ணை மட்டும் பதிந்தாலோ உரிமையாளருக்குப் போகிறது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் மாட்டினால் எட்டு போடுவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கட்டும். பதினெட்டு ஆகாதவனுக்கு, சமூக சேவை செய்யச் சொல்லி ஆணையிடச் சிறார் நீதிச் சட்டமே இடம் தருகிறது. மலைப்பாதை ஓரத்தில் சுற்றுலாக்காரர்கள் வீசிய பாட்டில்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கட்டும். வேலைக்குப் பஞ்சமே இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொரு பையன் குறுக்கே வந்து நிற்கிறான். மலைக்குள்ளே இருக்கிற கிராமங்களில், எக்ஸ்எல் வண்டியில் மிளகு மூட்டையை வைத்துக்கொண்டு வருகிற பதினாறு வயதுப் பையன். அவன் ரீல்ஸ் எடுக்க ஓட்டவில்லை. சட்டத்தில் பதினாறு வயதுக்கு ஒரு வாசல் உண்டு: 50 சி.சி.க்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டி. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 அந்தக் கணக்கில் அடங்கியது. இப்போது வீட்டுக்கு வீடு நிற்கும் எக்ஸ்எல் நூறு சி.சி.யை ஒட்டியது. வாசல் அப்படியே இருக்கிறது, உள்ளே நுழைகிற வண்டிதான் கடையில் இல்லை. அந்தப் பையனையும், அண்ணா பூங்கா முன்னால் முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டுகிற சமவெளிப் பையனையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 25,000 ரூபாய் இருவர் வீட்டுக்கும் ஒன்றுதான்.

மாதம் ஒரு நாள் போக்குவரத்து அதிகாரிகள் மலைக்கே வந்து முகாம் போட்டு, பதினெட்டு முடிந்தவர்களுக்கு இங்கேயே தேர்வு வைக்கலாம். சேலத்துச் சமதரையில் எட்டு போட்டவனைவிட, இந்த ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டியவனை நான் நம்புவேன். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பஸ்தான் வழி. பள்ளி விடுகிற நேரத்துக்கு உள் கிராமங்களுக்குப் போகிற வண்டி நேரத்தில் கிளம்ப வேண்டும். அது வராத நாளில் பையன் அப்பாவின் வண்டியை எடுத்தால், அந்த நாளின் டிரிப்பை ரத்து செய்தவர் யார் என்றும் ஒரு பேர் எழுதப்படட்டும். டெப்போவில் அதற்கான நோட்டு இருக்கிறது, எனக்குத் தெரியும்.